ஐம்பதாயிரம் டாலர்க் குதிரை

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் காலனிக் குடும்பங்களில் முகம் சுளிப்போர் பலர். அது நியாயமே. சம்பளப் பணத்தோடு பந்தயத் திடலுக்குச் சென்று வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே, சங்கத்தின் ஆண்டு விழா மலரில் ஒரு பந்தயக் குதிரையின் வரலாற்றை எழுதப் புகுந்த யாம், பணம் கட்டி ஆடும் பழக்கத்துக்குப் பரிந்து பேச வரவில்லை என்பதை முதற்கண் தெரிவித்துக் கொள்கிறோம். விலைச்சீட்டு ஒட்டப்பட்ட ஓர் உயிர் அச்சீட்டைப் பொய்யாக்கிய வரலாற்றையே ஈண்டு சொல்ல வந்தோம்.

அக்குதிரையின் பெயர் லாவா மேன். 2001ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தது. அது விதையடிக்கப்பட்ட குதிரை. உயர்குலப் பொலிகுதிரை ஓட்டத்தை விட்டபின்னும் தன் சந்ததியால் சொந்தக்காரருக்குப் பொருள் ஈட்டித் தரும். விதையடித்த குதிரைக்கோ ஓட்டம் ஒன்றே கதி. ஓடாவிட்டால் அதற்குச் சந்தையில் மதிப்பில்லை.

அந்நாட்டில் 'கிளெயிமிங் பந்தயம்' என்றொரு முறை உண்டு. அதில் ஓடும் குதிரை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு விலை குறிக்கப்படும். உரிமம் பெற்ற வேறு குதிரைச் சொந்தக்காரர் எவரேனும் அவ்விலையைக் கட்டி, ஓட்டத்துக்கு முன்பே சீட்டெழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால், குதிரை அவருடையதாகிவிடும். ஒன்றுக்கு மேற்பட்டோர் கேட்டால் குலுக்கல். அன்றைய ஓட்டத்தின் பரிசு மட்டும் பழைய சொந்தக்காரரைச் சேரும். வல்ல குதிரையை எளிய குதிரைகளோடு ஓடவிட்டுப் பரிசைத் தட்டிச் செல்ல எண்ணுபவர், குதிரையையே இழக்க நேரிடும். அந்த அச்சமே ஓட்டத்தைச் சமப்படுத்துகிறது.

2004 ஆகஸ்டு மாதம், டெல் மார் திடலில், லாவா மேன் மீது குறிக்கப்பட்டிருந்த விலை 50,000 டாலர். பேரோட்டங்களை வெல்லும் குதிரைக்கு அது மிகச் சிறு தொகை. கென்லி குடும்பத்தாரின் எஸ்.டி.டி. ரேசிங் ஸ்டேபிளும் ஜேசன் வுட் என்பவரும் கூட்டாக அப்பணத்தைக் கட்டினர். பயிற்சிப் பொறுப்பை டக் ஓநீல் ஏற்றார்.

கூட்டுரிமை என்றால் இலாபத்தைப் பங்கிடுவது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் முதலில் பங்கிடப்படுவது செலவுதான். தீவனம், லாடம், மருத்துவம், பயிற்றுநரின் நாட்கூலி ஆகியவற்றைக் குதிரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதந்தோறும் பங்குக்கேற்பக் கட்டியாக வேண்டும். வெற்றி கிட்டினாலோ, சொந்தக்காரரின் பரிசில் பத்தில் ஒரு பங்கு பயிற்றுநருக்கும், ஏறத்தாழ அவ்வளவே ஜாக்கிக்கும் போகும், எஞ்சியதே பங்காளிகளுக்கு. சீட்டுப் பிடித்து நடத்தும் நம் காலனித் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அக்கூட்டாளிகள் பொறுத்திருந்தனர். மறு ஆண்டே, 2005இல், ஹாலிவுட் தங்கக் கோப்பைப் பந்தயத்தில் லாவா மேன் எட்டுக் குதிரை நீளத்துக்கும் மேல் முந்தி வென்றது. 2006இல் அடுத்தடுத்து ஏழு வெற்றிகள்! சாண்டா அனிட்டா ஹேண்டிகேப், ஹாலிவுட் தங்கக் கோப்பை, பசிபிக் கிளாசிக் ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற முதற்குதிரை என்ற பெருமையும் அதற்கே கிட்டியது. 2007இல் மூக்கு நுனியளவே முந்தித் தங்கக் கோப்பையை மூன்றாம் முறையும் வென்றது. நேட்டிவ் டைவர் என்ற குதிரை 1965 முதல் 1967 வரை நிகழ்த்திய அருஞ்செயலுக்கு அது ஈடாயிற்று. வாழ்நாளில் லாவா மேன் ஈட்டிய பரிசு ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல். குறித்த விலையின் நூறு மடங்கினும் மிகுதி.

நிற்க. இவ்வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. சொந்த மாநிலத்தில் அரசனாய்த் திகழ்ந்த இக்குதிரை, அதற்கு வெளியே ஒருமுறையேனும் வென்றதில்லை. 2005இல் நியூயார்க்கிலும் டோக்கியோவிலும், 2006இல் கென்டக்கி மாநிலத்துச் சர்ச்சில் டவுன்ஸ் திடலிலும், 2007இல் துபாயிலும் தோல்வியே கண்டது. மொத்தம் 47 ஓட்டங்களில் வெற்றி 17. ஏனைய முப்பதும் தோல்விகள். கணுக்கால் நலிவால் 2008இல் ஓய்வு பெற்றது. ஆசை யாரை விட்டது? சிகிச்சைக்குப்பின் 2009 டிசம்பரில் மீண்டும் ஒருமுறை ஓடவிட்டனர், வெல்லவில்லை. அத்தோடு ஓட்டம் முடிந்தது.

ஆயினும் குதிரை முடிந்துவிடவில்லை. ஓநீலின் லாயத்திலேயே, இளங்குதிரைகளுக்குத் துணையாக நடந்து செல்லும் வேலை அதற்குக் கிடைத்தது. 2012இல் அவர் பயிற்றுவித்த 'ஐல் ஹாவ் அனதர்' கென்டக்கி டெர்பியில் ஓடச் சென்றபோது, பதற்றம் தணிய உடன் நடந்தது லாவா மேன். அந்த இளங்குதிரை வென்றது. ஆறாண்டுகளுக்கு முன் தான் தோற்ற அதே சர்ச்சில் டவுன்ஸ் திடலில் வேறொன்றின் வெற்றிக்கு வழித்துணையாய் நின்ற அந்தக் காட்சியே மூன்று கோப்பைகளினும் எம் நெஞ்சைத் தொட்டது. 2015இல் அமெரிக்கப் பந்தயப் புகழ் மண்டபத்தில் அதன் பெயர் இடம்பெற்றது. அது வென்ற ஹாலிவுட் பார்க் திடலோ 2013இலேயே மூடப்பட்டுவிட்டது.

இதை ஏன் எழுதினோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எம் பணிப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் 'பத்தாம் வகுப்புத் தேர்ச்சி' என்று எழுதியிருக்கிறது. இருபதாண்டுகளாக அதுவே எமது விலைச்சீட்டு. அதன் சுமையை அறிந்த யாமே, சென்ற ஆண்டு எம் மகன் குறைந்த மதிப்பெண்ணோடு வந்து நின்றபோது, "நீ இவ்வளவுதான்" என்று ஒரு விலையைச் சொல்லிவிட்டோம். அவன் மறுமொழி பேசவில்லை. இக்குதிரையின் கதையைப் படித்த இரவில் அந்த மௌனம் எம்மைச் சுட்டது. மறுநாள் அவனை அருகில் அமர்த்தி, இதை முதலில் அவனுக்குத்தான் சொன்னோம்.

ஊரைவிட்டு வந்த நமக்கு எல்லா ஓட்டமும் வெளியூர் ஓட்டமே. இங்கே தோற்பதும் உண்டு, தளர்வதும் உண்டு. நம் பிள்ளைகள் மீது எவரேனும் சீட்டு ஒட்டுவர். அதைத் தடுக்க நம்மால் இயலாது. அச்சீட்டை நாமே ஒட்டாதிருக்க இயலும். செலவையும் பொறுமையையும் பங்கிட்டுக்கொள்ள இயலும். ஓடி முடித்தபின் இளையோர்க்கு வழித்துணையாய் நடக்கவும் இயலும். சங்கம் என்று கூடியிருப்பது இதற்காகவே அன்றோ? வாழ்க நம் கூட்டுறவு!