பறங்கி

இலங்கையின் வாழைச்சேனைப் பக்கம் ‘பறங்கி’ என்றால் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரன் யாருக்கும் நினைவில் வரமாட்டான். மட்டக்களப்புப் பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே நின்று சீவுளி போடுகிற, நம்மைப் போலவே தமிழ் பேசுகிற, போர்த்துக்கேயப் பெயர் கொண்ட தச்சர்தான் வருவார்.

வேர், பிராங்க் என்ற ஜெர்மானியக் குடியின் பெயர். சிலுவைப் போர்க் காலத்து அரபிகள் மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் அப்படித்தான் அழைத்தார்கள். பாரசீகத்தில் ‘ஃபரங்கி’, நம் வாயில் பகரமாயிற்று. தமிழ்நாட்டின் பறங்கிக்காயும் பறங்கிப்பேட்டையும் இதன் பிள்ளைகள். மேகநோயைப் ‘பறங்கிப்புண்’ என்றது, வந்தவர்மேல் இருந்த கசப்பு.

கொழும்பிலிருந்த ஒல்லாந்த வழியினருக்கு இந்தச் சொல் கசந்தது. தங்களை ‘பேர்கர்’ என்றார்கள். ஒல்லாந்த மொழியில் நகரக் குடிமகன். டச்சு பேர்கர் சங்கம் 1908 முதல் வெளியிட்ட இதழில் வம்சாவளிகள் பக்கம் பக்கமாக வந்தன. வெள்ளை கரைந்துவிடுமோ என்ற பதற்றம் அது என்பேன். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு பலர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். அங்கே ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கை. ஐரோப்பிய வழி எவ்வளவு என்று கேட்டார்கள், முகத்தையும் பார்த்தார்கள். கறுத்த தோலுக்கு லேசில் இடம் கிடைக்கவில்லை.

மட்டக்களப்பில் தங்கியவர்களில் முதியோர் சிலர் இன்றும் வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிறியோல் பேசுகிறார்கள். குடிசன மதிப்பீடு தமிழில் அவர்களைப் ‘பறங்கியர்’ என்றே பதிகிறது. அப்படியே எழுதுங்கள், முகத்துக்கு நேரே ‘டேய் பறங்கி’ மட்டும் வேண்டாம்.