மயானக் கொள்ளை

மயானக் கொள்ளை என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் உள்ள அங்காளபரமேசுவரி (அங்காளம்மன்) கோயில்களில், மாசி மாதம் மகா சிவராத்திரியை அடுத்து வரும் அமாவாசையன்று நடைபெறும் விழா ஆகும். காளி முதலிய அச்சந்தரும் வேடங்களைப் பூண்டோர் ஊர்வலமாகச் சுடுகாட்டுக்குச் சென்று, அங்கே படைக்கப்பட்ட உணவுப் பொருட்களைச் சூறை விடுவது இதன் மையச் சடங்கு. விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் இதன் தலைமை இடமாகக் கருதப்படுகிறது. காஞ்சிபுரம், வேலூர், சென்னை முதலிய இடங்களிலும் இவ்விழா நடைபெறுகிறது.

பட்டு நெசவுக்கும் பெருங்கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தில் இவ்விழா தனித்து நிற்பதற்குக் காரணம் உண்டு. வரதராசப் பெருமாள் கோயிலின் கருட சேவையில் மக்கள் வீதியின் இருபுறமும் நின்று சுவாமியை வணங்குகின்றனர். மயானக் கொள்ளையிலோ தெய்வ வேடம் கூட்டத்தை நோக்கி ஓடி வருகிறது. அஞ்சி விலகுவதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

தொன்மம்

சிவனைப் போலவே பிரமனுக்கும் ஐந்து தலைகள் இருந்தன. பார்வதி ஒருமுறை பிரமனைச் சிவன் என மயங்கி வணங்கினாள். அதனால் சினமுற்ற சிவன் பிரமனின் ஒரு தலையைக் கொய்தார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, பிச்சையாக வந்த உணவை எல்லாம் தானே உண்டது. கலைமகளின் சாபத்தால் பார்வதி அலைந்து திரிந்து மலையனூரில் புற்றாக அமர்ந்தாள். சிவன் அங்கு வந்தபோது இரு கவளங்களைக் கபாலத்தில் இட்டு, மூன்றாவதைச் சுடுகாட்டில் இறைத்தாள். சுவை கண்ட கபாலம் அதை உண்ணக் கீழே இறங்கவும், பேருருக் கொண்டு காலால் மிதித்து அடக்கினாள். உணவை இறைத்த அச்செயலே சூறையாக நினைவுகூரப்படுகிறது. ஊருக்கு ஊர் இக்கதை சிறிது மாறுபடும்.

கபாலம் காஞ்சிக்குப் புதிதன்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நகைச்சுவை நாடகம் காஞ்சி நகரில் நிகழ்வது. அதில் சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு, நாகசேனன் என்ற பௌத்தத் துறவியைச் சந்தேகிக்கிறான். உண்மையில் அதைத் தூக்கிச் சென்றது ஒரு நாய். எனினும் காபாலிகருக்கும் இன்றைய விழாவுக்கும் நேரடித் தொடர்ச்சி உண்டு என இதைக் கொண்டு கூறிவிட இயலாது.

வேடமும் ஊர்வலமும்

வேடம் பூணுவோர் நடிகர்கள் அல்லர், நேர்த்திக்கடன் உடையோர். பெரும்பாலும் ஆண்களே காளி வேடம் இடுவர். திருநங்கையரும் பங்கேற்பர். முகத்தில் கருநீலம் அல்லது சிவப்பு வண்ணம், நீட்டிய நாக்கு, கோரைப்பல், சூலம், எலுமிச்சை மாலை ஆகியன வேடத்தின் கூறுகள். பம்பை, உடுக்கை ஒலி உச்சத்தை அடையும்போது பலருக்கு அருள் வரும். சுடுகாட்டில் மண்ணும் சாம்பலும் கொண்டு படுத்த நிலையில் பேருருவம் ஒன்று அமைக்கும் வழக்கமும் உண்டு. அவித்த பயறு, கொழுக்கட்டை, காய்கறி, தானியம், நாணயம் ஆகியவை சூறை விடப்படும். கையில் கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்வது நன்மை தரும் என்பது நம்பிக்கை.

பார்வையாளர்

இவ்விழாவில் பார்வையாளர் என்ற சொல்லே முழுதும் பொருந்தாது. சூலத்துடன் காளி பாய்ந்து வரும்போது முன்வரிசையினர் அலறிப் பின்வாங்குகின்றனர். அடுத்த கணம் அவர்களே கைகூப்பி, கற்பூரம் ஏற்றி, காலில் மஞ்சள் நீர் ஊற்றுகின்றனர். வீறிட்டழும் குழந்தையைத் தூக்கிப் பிடித்து நெற்றியில் திருநீறு இடச் செய்யும் தாயாரைக் காணலாம். சில ஊர்களில் தெய்வ வேடத்திடம் முறத்தால் அடி வாங்குவதற்கென்றே மக்கள் வரிசையில் நிற்பர். அடி பட்டால் தீயசக்தி அகலும் என நம்பப்படுகிறது. அருள் மிகுந்தவரை உடன் வருவோர் இறுகப் பிடித்து, எலுமிச்சையும் திருநீறும் கொடுத்து அமைதிப்படுத்துவர்.

மேலைநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களின் ஆலோவீன் அச்சுறுத்தல் நிகழ்ச்சிகளை இதனுடன் ஒப்பிடலாம். கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பார்ம் பூங்காவில் 1973இலும், ஒர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில் 1991இலும் இவை தொடங்கின. சிங்கப்பூர் யுனிவர்சல் பூங்கா 2011இல் இதனைத் தொடங்கியது. அங்கு அச்சம் கட்டணம் பெற்று விற்கப்படுவது. நடிகரைத் தொடுதல் கூடாது என்பது பொதுவான நடத்தை விதி. யுனிவர்சலின் அமெரிக்கப் பூங்காக்களில் வருவோர் வேடமோ முகமூடியோ அணியவும் தடை உண்டு. யார் நடிகர், யார் விருந்தினர் என்ற எல்லை குழம்பினால் பாதுகாப்பு குலையும் என்பதே இதன் அடிப்படை. மயானக் கொள்ளையில் அந்த எல்லை வேண்டுமென்றே அழிக்கப்படுகிறது. தெருவில் உடன் வாழ்பவரே வேடம் பூணுகிறார். அவரைத் தொடுவதும் அவரால் தொடப்படுவதும்தான் மக்கள் நாடி வருவது. எழுதி ஒட்டிய விதிகள் இங்கு இல்லை. வழிவிடுதல், ஏளனம் செய்யாதிருத்தல் ஆகியவை உள்ளூரார் சிறு வயது முதல் பார்த்துக் கற்றவை.

வெளியூரிலிருந்து வருவோர் இவற்றை அறியார். கைப்பேசியில் படம் பிடிக்க வேடதாரியை நெருங்கிச் சூழ்வதால், ஓடுவதற்கு வேண்டிய இடம் குறைகிறது; உடன் வருவோருக்குக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. கூரிய ஆயுதமும் தீயும் உள்ள இடத்தில் இது சிறு செய்தியன்று.

சர்ச்சைகள்

உயிர்க்கோழியைக் கடித்தல், மனித எலும்பை வாயில் கவ்வுதல் ஆகிய செயல்கள் விமர்சிக்கப்பட்டு வருகின்றன. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2003இல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த முற்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் 2004 பெப்ரவரியில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடுகாட்டில் அத்துமீறுவதும் மனித உடலை அவமதிப்பதும், பிறர் உணர்வைப் புண்படுத்தும் நோக்குடன் அல்லது அவ்வாறு நேரும் என அறிந்து செய்யப்பட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தன. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சங்கிதையின் 301ஆம் பிரிவு இதனைக் குறிக்கிறது. பக்தியாகச் செய்வது அவமதிப்பு ஆகுமா என்பதில்தான் வாதம் நிற்கிறது. இறந்தவரின் குடும்பத்தாருக்கு அந்த எலும்பு வெறும் விழாப்பொருள் அன்று என்பதும் இவ்வாதத்தில் கருதத்தக்கது.

ஆய்வு

ஈவ்லின் மேயர் 1986இல் வெளியிட்ட ஆங்கில நூல், அங்காளபரமேசுவரி வழிபாட்டையும் அதன் கதைகளையும் விரிவாக ஆராய்கிறது. மேல்மலையனூர்க் கோயிலில் பூசை உரிமை கொண்ட பருவதராசகுலத்தாரின் மரபுகளை அறிய விரும்புவோருக்கும் அந்நூல் பயன்படும்.