பத்தி பிரித்த பெரியவர்கள்

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஈஸ்வரசந்திர வித்யாசாகர் என்றால் 1856-இல் வந்த விதவை மறுமணச் சட்டம்தான் ஞாபகம் வரும். இங்கே கொல்கத்தாவில் கேட்டுப் பாருங்கள், முதலில் 'பொர்ணோபொரிசொய்' என்பார்கள். 1855-இல் அவர் எழுதிய அரிச்சுவடி. எனக்கோ (வயிற்றுப்பிழைப்பு வெப் டிசைன் ஆயிற்றே!) அவர் வேறு ஒரு காரணத்துக்காக முக்கியம். எழுத்தை எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது என்று தலையை உடைத்துக்கொண்டவர் அவர்.

அதற்கு முன்னால் வங்காள ஏடுகளில் இருந்ததெல்லாம் ஒரு செங்குத்துக் கோடு, செய்யுள் முடிந்தால் இரண்டு கோடு. பாட்டுக்கு அது போதும், எதுகையே நிறுத்திவிடும். 1800-இல் இங்கே ஃபோர்ட் வில்லியம் கல்லூரி வந்து, வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பாடம் நடத்த உரைநடைப் புத்தகங்கள் வேண்டியிருந்தபோதுதான் சிக்கல். சமஸ்கிருதச் சொற்களைச் சங்கிலி மாதிரி கோத்த வாக்கியங்கள். எங்கே மூச்சு விடுவது என்று படிக்கிறவனே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

1847-இல் வித்யாசாகரின் 'பேதாள் பஞ்சவிம்சதி' வந்தது. வேறொன்றுமில்லை, நம்ம விக்கிரமாதித்தன் வேதாளம்தான். வங்காள உரைநடையில் கமா, அரைப்புள்ளி எல்லாம் முறையாக நுழைந்த பெருமையை அவருக்குத்தான் தருகிறார்கள். அதே வருஷம் மதன்மோகன் தர்க்காலங்காருடன் சேர்ந்து சம்ஸ்கிருத பிரஸ் என்று சொந்தமாக அச்சகமும் தொடங்கினார். அச்சுக்கோப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி எழுத்துப் பெட்டியில் எந்த அச்சு எங்கே இருக்க வேண்டும் என்றுகூட மாற்றி அடுக்கினார். 'வித்யாசாகர் சாட்' என்று அதற்குப் பெயரே உண்டு. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். கமா எங்கே விழ வேண்டும் என்பது உன் இஷ்டப்படி நடக்க வேண்டுமா, அச்சகம் உன்னுடையதாக இருக்க வேண்டும்!

தமிழிலும் கிட்டத்தட்ட அதே காலத்தில் இதே கதைதான். பனையோலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும், அதனால் புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. உ.வே.சா. போன்றவர்கள் ஏடு பார்த்துப் பட்ட பாட்டில் பாதி இதனால் வந்தது. யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் வித்யாசாகரைவிட இரண்டு வயது இளையவர், பிறந்தது 1822-இல். அவரும் சொந்த அச்சுக்கூடம் வைத்தார். 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டார். தமிழர்களில் நிறுத்தற்குறிகளை முறையாகப் பயன்படுத்திய முன்னோடி என்று அவரைச் சொல்வது வழக்கம். (மிஷனரிகள் முன்பே கொஞ்சம் செய்திருந்தார்கள். பைபிள் மொழிபெயர்ப்பில் பெர்சிவல் பாதிரியாருடன் வேலை பார்த்த அனுபவம் நாவலருக்கு உண்டு.)

சரி, இதற்கும் வெப்புக்கும் என்ன? இருக்கிறது. எச்.டி.எம்.எல். என்பது கிட்டத்தட்ட பனையோலை புத்தி. நீங்கள் என்டர் கீயைப் பத்து தடவை தட்டினாலும் பிரவுசர் அதை ஒரே ஒரு இடைவெளியாகச் சுருக்கிவிடும். 'இங்கே ஒரு பத்தி' என்று கோண அடைப்புக்குறிக்குள் 'பி' போட்டுச் சொன்னால்தான் பிரிக்கும். 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் பட்டியலிலேயே அந்த 'பி' இருந்தது. ஆனால் அப்போது அது இரண்டு பத்திக்கு நடுவே வைக்கும் வேலி மட்டும்தான். 1995-இல் எச்.டி.எம்.எல். 2.0 வந்தபோதுதான் பத்தியையே உள்ளே வைத்துக்கொள்ளும் பெட்டியாக ஆனது.

தமிழுக்கு இன்னொரு தலைவலி. பக்கத்தின் இரண்டு ஓரமும் நேராக நிற்கட்டும் என்று 'ஜஸ்டிஃபை' போட்டால், ஃபயர்ஃபாக்ஸ் 2-இல் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறிவிடும். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்துதான் தீர்ந்தது. ஆனாலும் நான் இன்றுவரை தமிழுக்கு இடது ஓரம் மட்டும்தான் நேராக வைக்கிறேன். நம்ம சொற்கள் நீளமானவை, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் நடுவில் ஆறு ஓடும்.

இதெல்லாம் அழகு சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். என் மகள் இங்கேயே பிறந்தவள். பெங்காலி தண்ணீர் பட்ட பாடு, தமிழ் எழுத்துக் கூட்டித்தான். எங்கள் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் அப்படியே. தமிழே தெரியாமல் இவர்கள் நிறுத்துவதில்லை. நாற்பது வரியில் ஒரே பத்தி வந்தால் இரண்டாவது வரியைத் தொலைத்துவிட்டு, 'அப்பா, நீயே படி' என்று கொடுத்துவிடுகிறார்கள். அம்மா ஃபோனில் சொன்ன முயல்-ஆமை கதையை முதலில் ஒரே பத்தியாகத்தான் தட்டி வைத்திருந்தேன். போன மாதம் அதை ஏழு 'பி'-யாகப் பிரித்து, வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டி, ஆமை பேசுவதை மட்டும் தனித்தனி வரியாக்கிக் கொடுத்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கடைசி வரை அவளே படித்தாள். நடுவில் இரண்டே இடத்தில்தான் கேட்டாள், ஒன்று 'ழ', இன்னொன்று 'ஞ'.