ஆட்சியாளர் பிறந்தநாளும் பினாங்கு நாள்காட்டியும்

பிரான்சிஸ் லைட் தம் ஆட்களோடு பினாங்குத் தீவில் கரையிறங்கியது 1786 ஜூலை 17இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் பேரில் முறைப்படி கொடியேற்றியதோ ஆகஸ்ட் 11இல். மறுநாள் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜுக்கு 24 வயது நிறைந்தது. அதையொட்டியே தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். நகரத்துக்கு இட்டது தந்தை மூன்றாம் ஜார்ஜின் பெயர். அப்பாவும் பிள்ளையும் ஒரே பெயர்க்காரர்கள் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. கெடா சுல்தான் எதிர்பார்த்த படைப் பாதுகாப்பு ஒப்பந்தமாகாத நிலையில் நடந்த கொடியேற்றம் அது. இளவரசரின் பிறந்தநாள் கொண்டாட்டம் அந்தக் குறையை மூடி மறைக்க உதவியது என்பதே என் கருத்து.

அதே ஆகஸ்ட் 12இல், 1887இல் எர்வின் ஷ்ரோடிங்கரும் 1919இல் விக்ரம் சாராபாயும் பிறந்தனர். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நினைவாக இந்தியா நூலகர் தினம் கொண்டாடுவதும் அன்றுதான். ஆனால் அவர் பிறந்தது 1892 ஆகஸ்ட் 9 என்று சொல்லும் வாழ்க்கைக் குறிப்புகளும் உண்டு. தற்செயல் பொருத்தத்தில் பெரிதாக வியக்க ஒன்றுமில்லை. 23 பேர் கூடினாலே அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். பதிவேடு எந்த நாளை ஏற்கிறது என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

மூன்றாம் ஜார்ஜையே எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்த 1738 ஜூன் 4, அன்றைய இங்கிலாந்தின் பழைய நாள்காட்டியில் மே 24. 1752இல் பிரிட்டன் 11 நாள்களைத் தாண்டிக் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது அவர் பிறந்தநாளும் நகர்ந்தது. ஜென்ம நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடும் நம் வீடுகளுக்குத் தேதி நகர்வது புதிதல்ல. பழைய தேதியே நீடித்திருந்தால், 1819 மே 24இல் பிறந்த பேத்தி விக்டோரியாவும் தாத்தாவும் ஒரே நாள்காரர்களாகியிருப்பார்கள்.

அந்த மே 24 பின்னர் பேரரசு தினமானது. ஜார்ஜ்டவுனில் விக்டோரியாவை நினைவூட்டுவது கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகிலுள்ள மணிக்கூண்டு. 1897 வைரவிழாவுக்காகச் சீனச் செல்வந்தர் சியா சென் இயோக் அதைக் கட்டிக் கொடுத்தார். ஆட்சியின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அடி வீதம் உயரம் 60 அடி. கட்டி முடித்தது 1902இல். அரசியோ 1901 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு அதிர்ச்சியில் கூண்டு இலேசாகச் சாய்ந்தது. உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும்.

விக்டோரியாவின் மகன் ஏழாம் எட்வர்டு பிறந்தது நவம்பர் 9. குளிர்காலத்தில் திறந்தவெளி அணிவகுப்பு சரிப்படாது என்பதால் கோடையில் அதிகாரபூர்வப் பிறந்தநாள் ஒன்றைக் கொண்டாடினார். மலேசிய மாமன்னர் பிறந்தநாளை இந்த வழக்கத்தின் நீட்சியாகவே நான் காண்கிறேன். மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் பிறந்தது 1958 நவம்பர் 22. நாடு கொண்டாடுவது ஜூன் மாத முதல் திங்களன்று.

பினாங்கு மாநில ஆளுநருக்கும் இப்படியே ஜூலை மாத இரண்டாம் சனிக்கிழமை ஒதுக்கப்பட்டுள்ளது. அன்று மாநிலத்துக்குப் பொது விடுமுறை. 2024இல் ஜூலை 13 வந்தபோது பதவியில் இருந்தவர் அகமட் பூசி அப்துல் ரசாக். 2025 மே மாதம் ரம்லி ஙா தாலிப் அந்தப் பதவிக்கு வந்தார். ஆளுநர் பிறந்தநாள் அவ்வாண்டும் அதே இரண்டாம் சனிக்கிழமையான ஜூலை 12க்கே வந்தது.