கட்டிய கையும் சின்னக் கதவுகளும்

ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்த எல்லோருக்கும் இந்தச் சடங்கு தெரியும். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள். “கையை நல்லா மூடிக்கோங்க சார்” என்று சொல்லி, இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். சிலருக்கு, “நரம்பே கிடைக்க மாட்டேங்குதே” என்ற சலிப்பும் கூடவே வரும்.

அவர்கள் தேடுவது நரம்பை அல்ல, சிரையை. நரம்பில் ஊசி பட்டால் கை முழுக்கச் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். ஆனாலும் நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிக்கு ஐரோப்பியர்கள் வைத்திருக்கும் ‘ஆர்ட்டெரி’ என்ற பெயரின் கிரேக்க மூலச்சொல் மூச்சுக்குழாயையும் குறித்தது. பிணத்தை அறுத்துப் பார்த்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். அதனால் அவற்றில் ஓடுவது காற்று என்று பழைய கிரேக்கர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

தமனியில் ஓடுவது ரத்தம்தான் என்று காட்டியவர் பழங்கால மருத்துவர் கேலன். கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்த கை. உயிருள்ள விலங்கின் தமனியில் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு, நடுவில் கீறிக் காட்டினார். ரத்தம் வந்தது. அந்த மட்டில் சரி. ஆனால், சாப்பிட்ட சாப்பாடு கல்லீரலில் ரத்தமாகிறது, சிரைகள் வழியாக உறுப்புகளுக்குப் போகிறது, அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்றும் அவர் சொன்னார். வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் போய்ச் சுவறிவிடுவதுபோல. போன தண்ணீர் திரும்பி வராது. மிச்சம் கொஞ்சம் ரத்தம் இதயத்தின் நடுச்சுவரில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே வலமிருந்து இடம் கசிகிறது என்றார். இந்தக் கணக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் செல்லுபடியானது.

நடுவில் ஒருவர் மறுத்தார். டமாஸ்கஸ் பக்கம் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னு அல்-நஃபீஸ், 13-ஆம் நூற்றாண்டில், அந்தச் சுவரில் துளையே கிடையாது, ரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதிவைத்தார். அந்த ஏடு பெர்லின் நூலகத்தில் கிடந்தது. 1924-ல் ஓர் எகிப்திய மருத்துவர் அதை எடுத்துக் காட்டும்வரை உலகத்தில் பரவலாகத் தெரியாது.

ஐரோப்பாவில் கேலன் கணக்கு எப்படி ஆட்டம் கண்டது என்று பார்க்க, நாம் பதுவாவுக்குப் போவோம். இத்தாலியில் இருக்கும் அந்த ஊரின் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு அறுத்துக் காட்டுவதற்கென்றே 1590-களில் ஓர் அரங்கம் கட்டினார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல ஆறு அடுக்கு. கீழே மேசையில் உடல், மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நிற்கும் மாணவர்கள். அந்த அரங்கம் இன்றும் இருக்கிறது. ஆசிரியர் ஃபாப்ரீசியஸ். சிரைகளுக்குள்ளே மெல்லிய சவ்வு மடிப்புகள் இருப்பதை விரிவாகப் படம் போட்டு 1603-ல் நூலாக்கியவர். அவற்றுக்கு அவர் வைத்த லத்தீன் பெயருக்கு ‘சின்னக் கதவுகள்’ என்று பொருள். கதவு என்று பெயர் வைத்த மனிதர், அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை ஏன் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத புதிர். ரத்தமெல்லாம் ஒரேயடியாகக் கை காலுக்கு இறங்கித் தேங்கிவிடாமல் வேகத்தைத் தணிக்கும் தடுப்பு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அவரிடம் படித்து 1602-ல் பட்டம் வாங்கிய ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி. லண்டன் திரும்பி செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்தார். பாம்பு, தவளை, மீன் என்று இதயம் மெதுவாகத் துடிக்கும் உயிர்களாகப் பார்த்து அறுத்தார். பாம்பின் இதயத்துக்கு வரும் சிரையை நசுக்கினால் இதயம் வெளுத்துச் சுருங்கியது. வெளியேறும் தமனியை நசுக்கினால் வெடித்துவிடுவதுபோல் உப்பியது.

பிறகு அவர் செய்ததுதான் அந்த ரப்பர் பட்டை வேலை. மெலிந்த, சிரை புடைத்த ஒருவரின் மேற்கையில் துணியை மிக இறுக்கிக் கட்டினார். மணிக்கட்டில் நாடி நின்றது, கை குளிர்ந்தது. கட்டைச் சற்றுத் தளர்த்தினார். கை சிவந்தது, வீங்கியது, சிரைகள் கயிறு கயிறாகப் புடைத்தன. ஏன்? தமனி ஆழத்தில் இருக்கிறது, சுவரும் தடிப்பு. அரைக்கட்டுக்கு அது அடங்காது, ரத்தத்தை உள்ளே தள்ளிவிடும். சிரை தோலுக்கு அடியிலேயே ஓடும் மெல்லிய குழாய். அது நசுங்கிவிடும், திரும்பும் வழி அடைபடும். கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கினால் கவனியுங்கள்: வெட்டிய தமனி வெள்ளை வளையமாக வாயைத் திறந்து நிற்கும். சிரை துவண்டு ஒட்டிக் கிடக்கும்.

புடைத்த சிரையில் அங்கங்கே முடிச்சுபோலத் தெரிந்தவை ஃபாப்ரீசியஸின் கதவுகள். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி அடுத்த முடிச்சு தாண்டும்வரை வழித்துவிட்டார். இடைப்பட்ட துண்டு காலியானது. மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தார். கதவு விடவில்லை. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து சடக்கென்று நிரம்பியது. அந்தக் கதவுகள் இதயத்தின் திசையில் மட்டுமே திறக்கும்.

மிச்சத்தை முடித்தது வாய்ப்பாடு. ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் என்று வையுங்கள், அரைமணிக்கு ஆயிரம் துடிப்பு என்று வையுங்கள் என்றார் ஹார்வி. எதிராளி பேரம் பேச இடமில்லாதபடி வேண்டுமென்றே குறைத்துப் போட்ட கணக்கு. அப்படியும் 500 அவுன்ஸ், நம் கணக்கில் 14 கிலோ வருகிறது. அரைமணியில் இவ்வளவு ரத்தம் தயாரிக்க எந்த மனிதன் சாப்பிடுவான்? போன ரத்தமே திரும்பி வர வேண்டும். (இன்றைய அளவில் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. உடம்பில் இருக்கும் ஐந்து லிட்டரும் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது.)

இதையெல்லாம் ஹார்வி எழுதி, 1628-ல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சான நூலுக்கு 72 பக்கம்தான், அச்சுப்பிழையோ ஏராளம். புத்தகம் வந்தபின் அவரிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள், கிறுக்கன் என்று பேசிக்கொண்டார்கள் என அக்காலத்து வாழ்க்கைக் குறிப்பாளர் ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார்.

ஓர் இடத்தில் மட்டும் ஹார்வியிடம் பதில் இல்லை. தமனி கிளைத்துக் கிளைத்து மெலிகிறது. சிரையும் அப்படியே மெலிந்து தொடங்குகிறது. இரண்டும் எங்கே சேர்கின்றன? சதையின் நுண்துளைகளில் என்றார். பார்க்கவில்லை, ஊகம்தான். துளையை ஊகித்த கேலனை மறுத்தவருக்கும் கடைசியில் ஒரு துளை தேவைப்பட்டது. வித்தியாசம், இந்த ஊகத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1657-ல் ஹார்வி இறந்தார்.

அவர் நூல் வெளியான அதே 1628-ல் பொலோன்யா பக்கம் பிறந்தவர் மார்செல்லோ மல்பீகி. 1661-ல், தவளையின் நுரையீரலை உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ரத்தம் சதைக்குள் சிந்தவே இல்லை. மெல்லிய குழாய்கள் வலைபோலப் பின்னி, தமனியையும் சிரையையும் கோத்திருந்தன. நண்பர் பொரெல்லிக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். நாம் தந்துகி என்கிறோமே, அவைதான். சுவர் ஒரே ஒரு செல் தடிப்பு. உள்விட்டம் பல இடங்களில் ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. அதனால் அணுக்கள் வளைந்து நெளிந்து ஒற்றை வரிசையில் போகின்றன. ஆக்சிஜன் கைமாறுவது இங்கேதான். தமனியும் சிரையும் வெறும் போக்குவரத்துப் பாதைகள்.

குழாய் தெரிந்துவிட்டது. அதற்குள் அழுத்தம் எவ்வளவு? ஒரு குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, ரத்தம் எட்டடி மூன்றங்குலம் ஏறியதை அளந்த ஸ்டீஃபன் ஹேல்ஸ் ஒரு பாதிரியார். அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)