ஆறு வயசுப் பல்

கீழ்த்தாடையில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஒன்று முளைக்கும். எந்தப் பல்லும் விழுந்து அதற்கு இடம் விடுவதில்லை என்பதால், அது வந்ததே பல வீடுகளில் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு ஆறு வயதை ஒட்டி வரும். எங்கள் தொழிலில் ‘ஆறு வயசுப் பல்’ என்போம். அதில் சொத்தை விழுந்த பிறகு, “பால் பல்லுதானே டாக்டரம்மா, பிடுங்கிருங்க, புதுசா முளைச்சிரும்” என்று கோவில்பட்டியில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சொல்லாத தாய்மார் குறைவு. முளைக்காது. மனித இனத்தின் பழைய வரலாற்றை எழுதியவர்களையும் இந்தப் பல் அறுபது வருஷம் ஏமாற்றியிருக்கிறது.

1924-இல் தென்னாப்பிரிக்காவில் டாவுங் என்ற ஊருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்துப் பாறை பெயர்த்தபோது புதைபடிவங்கள் வெளிவந்தன. அவற்றைப் பெட்டிகளில் அடைத்து, ஜொகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அப்போது முப்பத்தொரு வயது. பெட்டிகள் வந்த நேரத்தில் அவர் வீட்டில் ஒரு நண்பரின் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் இவர்தான். உடுத்திக்கொண்டிருந்தவர் பாதியில் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார் என்று பின்னாளில் அவரே எழுதினார். உள்ளே, கல்லாகிப்போன மூளையின் அச்சு. அது பொருந்தும் பள்ளம் இன்னொரு கல்லில் இருந்தது. முகம் அந்தக் கல்லுக்குள் இருந்தது. மனைவியின் பின்னல் ஊசிகளைக் கூராக்கி வாரக்கணக்கில் சுரண்டினார். டிசம்பர் 23 அன்று கல் விலகியது.

உள்ளே இருந்தது ஒரு குழந்தையின் முகம். பால் பற்கள் அத்தனையும் வரிசை குலையாமல் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஆறு வயசுப் பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

1925 பிப்ரவரி 7-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் டார்ட் எழுதினார். கோரைப்பற்கள் சிறியவை, குரங்குகளுக்கு இருப்பதுபோல் நீண்டு துருத்தவில்லை. தண்டுவடம் நுழையும் துளை மண்டையோட்டின் அடியில் முன்தள்ளி இருப்பதால், இது நிமிர்ந்து நடந்த உயிர். வயது, மனிதக் கணக்கில் ஆறு. ஆஸ்ட்ரலோபித்திகஸ் ஆப்ரிக்கானஸ் என்று பெயரும் வைத்தார்.

லண்டனில் பெரியவர்கள் மசியவில்லை. வாலில்லாக் குரங்குகளின் குட்டிகளுக்கு முகம் மனித முகத்தை ஒத்துத்தான் இருக்கும், வளர்ந்தால் சாயம் வெளுத்துவிடும் என்றார்கள். அவர்களில் ஒருவரான உடற்கூறியலாளர் ஆர்தர் கீத் இதைக் கொரில்லா, சிம்பன்ஸி கூட்டத்தோடு சேர்த்தார். நியாயமான சந்தேகம்தான், ஒரு குழந்தையை வைத்து ஓர் இனத்தையே தீர்மானிப்பது சிரமம். ஆனால் அவர்கள் மனத்தில், இங்கிலாந்திலேயே கிடைத்த ஆதிமனிதன் என்று நம்பிய பில்ட்டவுன் மண்டையோடு உட்கார்ந்திருந்தது: மனித மண்டை, குரங்குத் தாடை. அதன் கோரைப்பல் பருவத்தில் இளசு, தேய்மானத்தில் கிழடு, இது எப்படி என்று 1916-லேயே கோர்ட்னி லைன் என்ற பல் மருத்துவர் கேட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1953-இல்தான் அரத்தால் ராவிய போலிப் பல் என்று நிரூபணமானது. எங்கள் தொழிலாள் ஒருவர் முந்திக் கேட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

டார்ட் 1929-இல் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பிரித்தெடுத்தார். பற்களின் மெல்லும் பரப்பு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. புதைபடிவ ஆய்வாளர் ராபர்ட் புரூம் 1936 முதல் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைகளில் வளர்ந்த ஆட்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார். கீத் 1947-இல் தாம் சொன்னது தவறு, டார்ட் சொன்னதே சரி என்று எழுதிக் கொடுத்தார்.

வயதை மட்டும் யாரும் உரசிப் பார்க்கவில்லை. ஆறு வயசுப் பல் முளைத்திருந்தால் ஆறு வயது என்பது நம் பிள்ளைகளின் கணக்கு. சிம்பன்ஸிக்கு அதே பல் மூன்று வயதை ஒட்டியே வந்துவிடும். 1975-இல் ஆலன் மான் தென்னாப்பிரிக்கப் புதைபடிவத் தாடைகளை ஆராய்ந்து, இவர்களும் நம்மைப் போல் மெதுவாக வளர்ந்தவர்கள்தான் என்றார். பத்து வருஷம் கழித்து டிமத்தி புரோமேஜும் கிறிஸ்டோபர் டீனும் பல்லிடமே கேட்டார்கள். எனாமல் நாள்தோறும் படிவது. ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு வரி பல்லின் மேற்பரப்பில் விழும். பால் பல்லிலும் இந்த ஆறு வயசுப் பல்லிலும் பிறந்த நேரத்துக்கு என்று தனியாக ஒரு கோடு இருக்கும், வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் முன்பற்களில் வரிகளை எண்ணியபோது, மனிதக் கணக்கில் வந்த வயதில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறியது. டாவுங் குழந்தைக்கு இப்போது சொல்லும் வயது மூன்றிலிருந்து நான்கு. கழுகு தூக்கிப்போய்க் கொன்றது என்று 1995-இல் லீ பெர்கரும் ரான் கிளார்க்கும் சொன்னதை நினைத்தால், அந்த வயதுதான் பொருந்துகிறது.

அதே இனத்தின் ஸ்டெர்க்ஃபோன்டைன் பற்களில் 2019-இல் பேரியத்தை அளந்தார்கள். தாய்ப்பால் குடிக்கும் காலத்தில் பல்லில் பேரியம் கூடும். முதல் ஒரு வருஷம் முழுக்கப் பால். பிறகு குறைந்து, மறுபடி ஏறி, மறுபடி குறைந்து என்று சில வருஷங்களுக்கு மாறி மாறிக் காட்டியது. இரை கிடைக்காத பருவங்களில் தாய் மீண்டும் பால் கொடுத்திருப்பாள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இருபது லட்சம் வருஷத்துக்கு முந்தைய பஞ்சத்தைப் பல் வைத்திருந்து சொல்கிறது.

அப்படியென்றால் நம்முடைய நீளமான பிள்ளைப் பருவம் எப்போது வந்தது? மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த குழந்தைக்கு வந்துவிட்டது. சுமார் 3 லட்சம் வருஷத்துக்கு முன் எட்டு வயது நிரம்பும் முன்பே இறந்த அதன் பற்கள் நம் பிள்ளைகளின் வேகத்தில்தான் வளர்ந்திருந்தன. 2024-இல் ஜார்ஜியாவின் டிமானிசியிலிருந்து குழப்பம் வந்தது. 17.7 லட்சம் வருஷம் பழைய ஒரு சிறுவயது ஆளின் பற்களைச் சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள். முதல் ஐந்து வருஷம் கடைவாய்ப்பற்கள் நம்மைப்போல் தாமதமாக வளர்ந்திருக்கின்றன. அப்புறம் குரங்கு வேகத்தில் ஓடியிருக்கின்றன. இறந்தபோது வயது பதினொன்று. அப்படியானால் அங்கே பால் பற்கள் குரங்குகளைவிட நெடுநாள் வேலை பார்த்தன, பெரியவர்கள் தேடிக் கொடுத்ததைத் தின்றுதான் பிள்ளைகள் வளர்ந்தார்கள், மூளை பெருக்கும் முன்பே பிள்ளைப் பருவம் நீளத் தொடங்கிவிட்டது என்கிறார்கள். படிக்க எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு வாய். ஒன்பது வயதிலும் ஆறு வயசுப் பல் வராத பிள்ளையையும், ஐந்திலேயே வந்துவிட்ட பிள்ளையையும் நான் பார்த்திருக்கிறேன். டிமானிசியில் இன்னும் இரண்டு பிள்ளைத் தாடைகள் கிடைக்கட்டும், அப்போது ஒத்துக்கொள்கிறேன்.