பழுதற்ற பலி

மந்தையில் பார்வையில்லாத ஆடு ஒன்று நிற்கிறது. சந்தையில் விலை போகாது. அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? பழங்கால இஸ்ரவேலருக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. அதனால்தான் லேவியராகமம் 22ஆம் அதிகாரம் குருடு, முடம், சொறி, புண் என்று குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி விலக்குகிறது.

அங்கே வரும் எபிரேயச் சொல் 'தாமீம்'. முழுமையானது என்று பொருள். தமிழ் வேதாகமம் மிருகத்துக்கு அதைப் 'பழுதற்ற' என்கிறது. ஆதியாகமம் 17இல் ஆபிரகாமைக் குறித்து அதே சொல் வரும்போது 'உத்தமன்' என்கிறது.

முழுமை என்றால் அதிக விலை என்று அர்த்தமில்லை. ஆட்டுக்கு வசதியில்லாதவர் தம் பாவத்துக்காக இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம். அதற்கும் இயலாதவருக்கு, ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும். ஆசாரியர் அதில் ஒரு கைப்பிடியைப் பலிபீடத்தில் எரிப்பார்.

பிற்பாடு, பாரசீகர் ஆட்சிக் காலத்தில், ஜனங்கள் நொண்டியையும் நோயுற்றதையும் கொண்டுவந்தார்கள். இதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள், வாங்கிக்கொள்வாரா என்று மல்கியா தீர்க்கதரிசி கேட்டார்.

ஏழையின் கைப்பிடி மாவுக்கு அந்தப் பீடத்தில் இடம் இருந்தது. வசதியுள்ளவரின் நொண்டி ஆட்டுக்கு இல்லை.